வர்த்தமானி முதல் நியமனக் கடிதம் வரை: முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைக்குத் தயாராகும் முறை

யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் இன்றும் 'கிளறிக்கல் சோதினை' என்று சொல்லும் பரீட்சை, இப்போது அரச முகாமைத்துவ உதவியாளர் சேவையின் மூன்றாம் தரத்துக்கான திறந்த போட்டிப் பரீட்சை என்று அழைக்கப்படுகிறது. எழுதுவினைஞர் என்ற பதவிப்பெயர் மறைந்துவிட்டது, வேலை மறையவில்லை. வந்த கடிதத்தைப் பதிந்து உரிய கோவையில் சேர்ப்பதையும், சுற்றறிக்கையைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதையும், பதிலை வரைந்து மேலதிகாரியின் கையொப்பத்துக்கு வைப்பதையும், சம்பளப் பட்டியலையும் விடுமுறைப் பதிவேட்டையும் பிழையின்றிப் பேணுவதையும் இன்றும் அந்த மேசையில் இருப்பவரே செய்கிறார். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற சொல் எங்கள் ஊரில் எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்த ஆசையோடு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டியதில்லை, எந்தப் பத்திரத்தை எப்போது எடுத்துவைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்பவர்கள் குறைவு. பிரதேச செயலகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையைச் செய்தவர் என்ற முறையில், முதன்முறை தோற்றுவோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பரீட்சையில் தவறிப்போனவர்களில் நான் அறிந்த பெரும்பாலோர் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் அறிவித்தலை முழுமையாக வாசிக்காதவர்கள், கையால் தமிழ் எழுதும் பழக்கம் விட்டுப்போனவர்கள், மணிக்கூட்டை வைத்துப் பயிலாதவர்கள். இந்த மூன்றும் அலுவலக வேலையின் அடிப்படைப் பழக்கங்கள். ஆகவே, பரீட்சைக்கு ஒரு விதமாகவும் வேலைக்கு வேறு விதமாகவும் தயாராக வேண்டியதில்லை. வேலைக்குரிய பழக்கத்தை இன்றே தொடங்கினால் பரீட்சைக்கான ஆயத்தமும் அதனோடு நடந்துவிடும்.

எந்தப் பரீட்சை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்

'முகாமைத்துவ உதவியாளர்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சேவைகள் இருக்கின்றன. மத்திய அரசாங்கத்தின் கீழ் இயங்கும் மாவட்டச் செயலகம், எங்கள் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்கள், கொழும்பிலுள்ள அமைச்சுகள், திணைக்களங்கள் ஆகியவற்றுக்கு நியமிக்கப்படுவோர் அரச முகாமைத்துவ உதவியாளர் சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நியமனமும் இடமாற்றமும் இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் பொறுப்பில் உள்ளன. வட மாகாண சபையின் அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும், யாழ்ப்பாண மாநகர சபை உள்ளிட்ட எங்கள் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களுக்கும் ஆட்சேர்ப்பு நடப்பது வட மாகாணப் பொதுச் சேவையின் வழியாக. நீதிமன்றங்களில் பணிபுரிவோரை நீதிச்சேவை ஆணைக்குழு தனியாகச் சேர்த்துக்கொள்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தனது கல்விசாரா ஊழியர்களைத் தனியே தெரிவுசெய்கிறது. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றையதற்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். நான்கையும் தனித்தனியே கவனித்து, தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். மொழித்திறனுக்கும், எண், எழுத்துப் புதிர்களை வேகமாகத் தீர்க்கும் உளச்சார்புக்கும் செய்யும் பயிற்சி இவற்றுள் பலவற்றுக்குப் பொதுவாகப் பயன்படும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. திறந்த போட்டிப் பரீட்சை வெளியிலிருந்து வருவோருக்கானது. மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை ஏற்கெனவே அரச சேவையில் கீழ்ப் பதவிகளில் இருப்போருக்கானது. அலுவலக உதவியாளராக இருக்கும் ஒருவர் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை நம்பி வயதைக் கடத்தக் கூடாது.

வர்த்தமானி அறிவித்தலை வாசிக்கும் முறை

இலங்கை வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. பதவிகளுக்கான அறிவித்தல்கள் முதலாம் பகுதியில் உரிய தொகுதியில் வரும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். இந்தப் பரீட்சை ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் ஒன்றன்று. வெற்றிடங்கள் கணக்கிடப்பட்டு அனுமதி கிடைத்த பின்னரே அறிவித்தல் வரும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு பத்து நிமிடம் ஒதுக்கி வர்த்தமானியைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். முகநூலில் யாரோ பகிரும் படத்தை நம்பியிருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் முடிவுத்திகதிக்கு இரண்டு நாள் முன்னர்தான் வந்து சேர்கிறது. சனசமூக நிலையத்துக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் அங்குள்ள பத்திரிகைகளிலும் ஒரு கண் வைத்திருக்கலாம்.

அறிவித்தல் கைக்கு வந்ததும் அதை அச்சிட்டு, ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். மூன்று இடங்களில் கோடிட வேண்டும். முதலாவது வயது: திறந்த பரீட்சைக்கு 18 வயதுக்குக் குறையாமலும் 30 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை, அந்த வயது கணிக்கப்படுவது பரீட்சை நாளில் அல்ல, விண்ணப்ப முடிவுத் திகதியில். இரண்டாவது கல்வித் தகைமை: க.பொ.த சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தியும், அவற்றுள் மொழி, கணிதம் உட்பட நான்கில் திறமைச் சித்தியும் கேட்கப்படும். ஒரே அமர்வா, இரண்டு அமர்வுகளா, உயர்தரத்தில் எத்தனை பாடம் என்பவற்றை அந்தந்த அறிவித்தலின் வாசகத்தோடு உங்கள் பெறுபேற்றுத் தாளை அருகருகே வைத்துப் பாருங்கள். கணிதத்தில் சாதாரண சித்தி மட்டும் உள்ளவர்கள், பரீட்சைக்கான ஆயத்தத்துக்கு முன்னர் சாதாரண தரக் கணிதத்துக்கு மீண்டும் தோற்றுவதே சரியான வழி. அதைத் தள்ளிப்போட்டு எந்தப் பயனும் இல்லை. மூன்றாவது மொழிமூலம்: சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம், ஆனால் தெரிவுசெய்த பின்னர் மாற்ற இடமில்லை.

தமிழ்மூலம் தோற்றினால் பிறகு ஏதாவது குறைவுண்டாகுமா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் சம்பள உயர்ச்சியை இழந்தும் வேலையை விட்டும் வந்த தமிழ் எழுதுவினைஞர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் வாழ்கிறார்கள். 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகம் தமிழில் நடக்க வேண்டும் என்பதும் அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆகவே உங்களுக்கு நன்றாக எழுதவரும் மொழியில் அச்சமின்றித் தோற்றுங்கள்.

விண்ணப்பம்

எனது முதலாவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தியவர் கையெழுத்திட்டு, திகதியும் இட்டிருந்தார். பதவி முத்திரையை மட்டும் இடவில்லை. அதை நானும் கவனிக்கவில்லை. முடிவுத் திகதிக்கு முதல்நாள் மாலை, மழைக்குள் தபாற்கந்தோருக்கு ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் போட்ட அவசரத்தில், உறையை ஒட்டுமுன் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருந்த காலம் நீண்டது. அந்த இழப்பை நினைத்துத்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

இப்போது பல பரீட்சைகளுக்கு இணையவழியாகவே விண்ணப்பம் கோரப்படுகிறது. சிலவற்றுக்கு, இணையத்தில் நிரப்பியதன் அச்சுப்படியில் கையொப்பமிட்டு, அதை அத்தாட்சிப்படுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பவும் சொல்வார்கள். அத்தாட்சிப்படுத்த அரசாங்கப் பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சத்தியப் பிரமாண ஆணையாளர், சட்டத்தரணி போன்றோரின் பட்டியல் அறிவித்தலிலேயே இருக்கும். அவர் முன்னிலையில் கையொப்பமிடுங்கள்; அவருடைய பெயர், பதவி, முகவரி, திகதி, முத்திரை ஐந்தும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். பெரியவர்களிடம் மீண்டும் கேட்கக் கூச்சமாக இருக்கும். 'ஐயா, முத்திரை இதிலே விடுபட்டிருக்கிறது' என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெரிய இடர் பெயரில்தான் வருகிறது. பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தனி நிரலில் இருக்கும். அடையாள அட்டையில் அது முன்பெயராகி நிற்கும். சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'சிவ' என்பது ஓரிடத்தில் ஓர் எழுத்துக்கூட்டலோடும் இன்னோரிடத்தில் வேறொன்றோடும் வரும். இடப்பெயர்வுக் காலத்தில் வன்னியில் பிறந்து, காலங்கடந்து பதிவு செய்யப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறந்த திகதியே இரு பத்திரங்களில் இரு விதமாக இருப்பதும் உண்டு. விண்ணப்பத்தில் எழுதும் பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். பிறந்த திகதியைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும், பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கொண்டே இந்தக் கணக்குப் போடப்படுகிறது. ஆகவே 2001 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 2001561 என்று தொடங்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தோடு இது பொருந்தாவிட்டால் இப்போதே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்தத்துக்கான வேலையைத் தொடங்குங்கள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்த பின்னர் அதற்குக் காலம் போதாது. பெயர் வேறுபாடு சிறிதாயின், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி ஒன்றைச் சட்டத்தரணியூடாக முடித்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டணப் பற்றுச்சீட்டு, விண்ணப்பத்தின் நகல், பதிவுத் தபால் துண்டு மூன்றையும் ஒரு கோவையில் இடுங்கள். சொப்பிங் பையில் அல்ல, அலுமாரியின் மேல் சுருட்டியும் அல்ல. இரண்டு துளையிட்டு, திகதி ஒழுங்கில் கோத்த ஒரு கோவையில். கீழே பழையது, மேலே புதியது. அலுவலகத்தில் அப்படித்தான் செய்வோம்.

மொழித்திறன் வினாத்தாள்

திறந்த போட்டிப் பரீட்சையில் மொழித்திறன், உளச்சார்பு என இரு வினாத்தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சப் புள்ளியைத் தாண்ட வேண்டும். ரியூட்டறிகளில் கட்டுக்கட்டாகத் தரும் பொது அறிவுக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதில் மாதக்கணக்கைச் செலவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. பொது அறிவு கேட்கப்படும் வேறு பரீட்சைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அது வேண்டும். அறிவித்தலில் இல்லாத பாடத்தை இந்தப் பரீட்சைக்காகப் படிக்காதீர்கள்.

மொழித்திறனில் கட்டுரை, கடிதம் வரைதல், சுருக்கம், கிரகித்தல், எளிய இலக்கணம் ஆகியவை வரும். இவற்றுள் புள்ளியை அதிகம் வேறுபடுத்துவது கடிதம் என்பது என் எண்ணம். பாடசாலையில் கற்ற கடிதம் வேறு, அலுவலகக் கடிதம் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று பொது மண்டபத்தைக் கேட்டு எழுதியிருக்கிறது. அந்த நாளில் மண்டபம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பிரதேச செயலாளர் சார்பில் பதில் வரைய வேண்டும். பயிற்சியில் ஒரு பிள்ளை இவ்வாறு எழுதியிருந்தார்:

'தாங்கள் மிகவும் அன்புடன் அனுப்பிய கடிதம் கிடைக்கப்பெற்று மிக்க மகிழ்ச்சியடைந்தேன். மண்டபம் சம்பந்தமாகச் சில பிரச்சினைகள் காணப்படுவதனால் இப்போதைக்கு வழங்க முடியாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றேன்.'

இதில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் எந்தக் கடிதம், எந்த நாள், என்ன காரணம், இனிச் சங்கம் என்ன செய்யலாம் என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கடிதத்தைப் பெறும் தலைவி மறுநாள் பேருந்து ஏறிச் செயலகத்துக்கு வந்து கேட்க வேண்டியிருக்கும். அதே பதில் இப்படி இருக்கலாம்:

'பொது மண்டபத்தைப் பயன்படுத்த அனுமதி கோருதல்.
மேற்படி விடயம் தொடர்பான தங்களின் 2025.03.04 ஆம் திகதிய கடிதம் சார்பானது.
02. தாங்கள் கோரிய 2025.03.22 ஆம் திகதிக்கு மண்டபம் ஏற்கெனவே வேறொரு நிகழ்வுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.
03. 2025.03.23 அல்லது 2025.03.29 ஆகிய தினங்களில் ஒன்றில் மண்டபத்தை வழங்க முடியும். பொருத்தமான தினத்தை 2025.03.14 ஆம் திகதிக்கு முன்னர் எழுத்துமூலம் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்.'

தலைப்பு ஒரு வரியில் விடயத்தைச் சொல்கிறது. முதற்பந்தி எந்தக் கடிதத்துக்கான பதில் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது முடிவையும் காரணத்தையும் தருகிறது. மூன்றாவது அடுத்த நடவடிக்கையையும் அதற்கான திகதியையும் தருகிறது. இந்த ஒழுங்கு கைவந்துவிட்டால் முறைப்பாட்டுக்கான பதில், நினைவூட்டல், கூட்ட அழைப்பு, மேலிடத்துக்கான சிபாரிசு என எது கேட்கப்பட்டாலும் தடுமாற்றம் இராது. இடப்பக்கம் 'எனது இல.', 'உமது இல.', வலப்பக்கம் திகதி, பெறுநர் முகவரி, 'ஊடாக' என்று எழுத வேண்டிய இடம், பிரதி அனுப்பப்படுவோர் விபரம் ஆகியவற்றைக் கைதவறாமல் இடும்வரை பழகுங்கள். விடைத்தாளில் உங்கள் உண்மைப் பெயரையோ கையொப்பத்தையோ இடாதீர்கள். வினாவில் தரப்பட்ட பெயரை மட்டும் எழுதுங்கள்.

சுருக்கம் எழுதுவதற்கு ஒரு முறை சொல்கிறேன். பத்திரிகையில் ஏறக்குறைய 240 சொற்களில் உள்ள ஒரு பத்தியை எடுங்கள். முதல் வாசிப்பில் எழுதுகோலைத் தொடாதீர்கள். இரண்டாவது வாசிப்பில் எடுத்துக்காட்டு, மேற்கோள், கூறியது கூறல் ஆகியவற்றைப் பென்சிலால் அடைப்பிடுங்கள். எஞ்சியதை மூடிவைத்துவிட்டு, உங்கள் சொந்த வாக்கியங்களில் 80 சொற்களுக்குள் எழுதி, சொற்களை எண்ணிக் கடைசியில் குறியுங்கள். மூலத்தின் வாக்கியங்களை வெட்டி ஒட்டுவது சுருக்கமாகாது. முதல் பத்து முயற்சிகளில் 110 சொற்களுக்குக் கீழே இறங்குவது கடினமாக இருக்கும். அதனால் மனந்தளர வேண்டாம்.

எழுத்துப்பிழையைப் பற்றி எங்கள் ஊருக்கென்று ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் பேசும் தமிழ் நல்ல தமிழ் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமையே சிலவேளை கண்ணை மறைக்கிறது. 'பொறுப்பு' என்பதைப் 'பொருப்பு' என்றும், 'நிறைவேற்று' என்பதை 'நிரைவேற்று' என்றும், 'முயற்சி' என்பதை 'முயற்ச்சி' என்றும், 'அனுப்பப்பட்டுள்ளது' என்பதில் ஒரு 'ப்ப' விட்டு 'அனுப்பட்டுள்ளது' என்றும் எழுதப்பட்ட விண்ணப்பங்கள் செயலகத்துக்கு நாள்தோறும் வருகின்றன. கைபேசியில் தட்டச்சுச் செய்யும்போது சொல்லை அதுவே எடுத்துத் தருவதால் இந்தப் பிழைகள் உங்களிடம் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. பேனாவால் எழுதுங்கள். பிழைத்த சொல்லை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது சொல்லச்சொல்லி எழுதிப் பாருங்கள். அம்மம்மாவோ தம்பியோ வாசித்துச் சொன்னால் போதும்.

உளச்சார்பு

இது அறிவைவிட வேகத்தைக் கேட்கும் வினாத்தாள். எண் தொடர், எழுத்துத் தொடர், குறியீட்டு மொழி, உறவுமுறை, திசை, உருவ ஒப்புமை, நாட்காட்டி, வேலையும் காலமும், சதவீதம் ஆகிய வகைகளைத் திரும்பத் திரும்பக் காண்பீர்கள். எண் தொடரைக் கண்டதும் முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மேலே சிறிதாக எழுதுங்கள். 3, 7, 15, 31 என்றால் வித்தியாசம் 4, 8, 16, அடுத்தது 32, ஆகவே விடை 63. வித்தியாசம் ஒழுங்கற்று ஏறி இறங்கினால் இரண்டு தொடர்கள் பின்னப்பட்டிருக்கலாம்: 5, 40, 8, 35, 11, 30 என்பதில் ஒன்றுவிட்டு ஒன்று பார்த்தால் 5, 8, 11 ஒன்று, 40, 35, 30 இன்னொன்று, அடுத்து வருவது 14.

தமிழ்மூலம் தோற்றுவோர் கவனிக்கத் தவறும் ஒரு விடயம், மெய்யெழுத்துகளின் ஒழுங்கு. ஆங்கில எழுத்துகளின் வரிசையை எல்லோரும் ஒப்புவிப்பார்கள். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதைத் தடையின்றிச் சொல்பவர்கள் குறைவு. 'பதம்' என்பது 'மநய்' என்று குறிக்கப்பட்டால் 'வரம்' எவ்வாறு குறிக்கப்படும் என்று வந்தால், ஒவ்வொரு மெய்யும் ஓரிடம் முன்னே நகர்ந்திருப்பதைக் கண்டு 'ழலய்' என்று சில நொடிகளில் எழுத அந்த ஒழுங்கு நாவில் இருக்க வேண்டும். பதினெட்டுக்கும் இலக்கமிட்டு, படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். நாட்காட்டிக் கணக்குக்கு ஏழால் வகுத்த மீதி மட்டுமே தேவை: 2025 ஜனவரி 1 புதன்கிழமை, அதிலிருந்து மார்ச் 1 வரை 59 நாள், ஏழால் வகுத்தால் மீதி 3, ஆகவே சனிக்கிழமை.

ஒரு வினாவில் சிக்கி நிற்பதே இந்தத் தாளில் மிகப் பெரிய இழப்பு. ஒரு நிமிடத்துக்குள் வழி தெரியாவிட்டால் ஓரத்தில் புள்ளி ஒன்று வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வினாவைத் தாண்டிப்போகும்போது விடைத்தாளில் இலக்கம் மாறிவிடாமல் பார்ப்பதும் பயிற்சியால் வருவதே.

நாளாந்த ஒழுங்கு

பலர் கடையிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டு படிப்பவர்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும்: விடியற்காலை நாற்பது நிமிடம் உளச்சார்பு, இரவில் ஐம்பது நிமிடம் கையெழுத்தில் ஒரு கடிதம் அல்லது ஒரு சுருக்கம். ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள் ஒன்றை முழு நேரக் கணக்கோடு செய்யுங்கள். வீட்டில் அமைதி இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபமோ உங்கள் பிரதேச சபையின் நூலகமோ இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் திருத்துவது எந்த வகுப்பைவிடவும் பயனுள்ளது. நால்வருக்கு மேற்பட்டால் பேச்சுத்தான் மிஞ்சும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் படிப்புக் குழம்பும் என்பதை முன்னரே அறிந்து, அந்த நாட்களுக்கு இலகுவான பயிற்சியை ஒதுக்கிவிடுங்கள். கோயிலுக்குப் போகாமல் இருக்கச் சொல்ல என்னால் முடியாது.

பரீட்சை நாள்

அனுமதி அட்டை கிடைத்ததும் பெயர், அடையாள அட்டை இலக்கம், மொழிமூலம், நிலையம் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். பிழையிருந்தால் உடனே பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதிலும் கையொப்பத்தை முன்கூட்டியே அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்பதைப் பலர் பரீட்சை நிலைய வாசலில்தான் அறிகிறார்கள். அங்கே சமாதான நீதவானைத் தேடி ஓடும் பிள்ளையால் வினாத்தாளை அமைதியாக வாசிக்க முடியாது.

நெடுந்தீவுப் பிள்ளைகள் முதல்நாளே குறிகட்டுவானுக்கு வந்துவிட வேண்டும். காற்று எழுந்தால் படகு நிற்கும், அதற்கு யாரும் மறுவாய்ப்புத் தர மாட்டார்கள். மருதங்கேணிப் பக்கத்திலிருந்து வருவோரும் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பக் கூடாது. நகரத்தில் உறவினர் வீடு இருந்தால் தங்குங்கள்; இல்லாவிட்டால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாகனம் பிடியுங்கள். அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனா, ஒரு சாதாரண கைக்கடிகாரம் போதும். கைபேசியை வீட்டிலேயே விட்டுவாருங்கள்.

அதற்குப் பிறகு

பெறுபேறு நன்றாக வந்தால் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரும். அது பெரும்பாலும் தகைமைகளைச் சரிபார்ப்பதற்கானது. பிறப்புப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளும் நகல்களும் நீங்கள் முன்னர் தொடங்கிய கோவையிலேயே இருக்கும். கேட்கும் ஒழுங்கில் எடுத்துக் கொடுக்கப் பழகுங்கள்.

நியமனம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இலங்கையின் எப்பாகத்திலும் சேவையாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மன்னாரோ வவுனியாவோ கொழும்போ கிடைக்கலாம். வயதான பெற்றோரைத் தனியே விட்டுப்போகும் நிலையிலுள்ளவர்கள் இதை வீட்டில் முன்னரே பேசி முடிவெடுப்பது நல்லது. நியமனக் கடிதத்தில் தரப்பட்ட நாளில் கடமையேற்காவிட்டால் நியமனம் இரத்தாகலாம்.

மூன்றாம் தரத்தில் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதில் அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவையும், அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களும், அலுவலக முறைகளும் வரும். தமிழ்மூலம் சேர்ந்தோர் சிங்களத் தேர்ச்சியையும் பெற வேண்டும். பெறுபேற்றுக்கும் நியமனத்துக்கும் இடையே மாதக்கணக்கில் காலம் கிடைக்கும். அந்தக் காலத்தில் சிங்கள எழுத்துகளை எழுதப் பழகத் தொடங்குங்கள். நாளுக்கு மூன்று எழுத்து என்றாலும் இரண்டு மாதத்தில் அலுவலகப் பெயர்ப்பலகையை வாசித்துவிடலாம். வவுனியாவுக்குத் தெற்கே நியமனம் கிடைத்தால், முதல்நாள் காலையில் பேருந்தின் முன்னால் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை யாரிடமும் கேளாமல் வாசித்து ஏறுவதற்கு அது உதவும்.